கைதட்டலும் காலிப் பணியிடமும்

2020 பிப்ரவரி. சீனாவின் ஹுனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில் இருக்கும் இரண்டாம் ஷியாங்யா மருத்துவமனை, கொரோனா வார்டு ஊழியர்களுக்காக அவசர அவசரமாக ஒரு மனநலத் திட்டம் போட்டது. இணையவழி வகுப்பு நடத்த ஒரு குழு, தொலைபேசியில் ஆலோசனை சொல்ல ஒரு குழு, மன அழுத்தம் தணிக்கும் கூட்டுப் பயிற்சிக்கு ஒரு குழு. தாளில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஆள்தான் வரவில்லை. செவிலியர்களில் சிலர் தொட்டதற்கெல்லாம் சிடுசிடுத்தார்கள். ஓய்வெடுக்கச் சொன்னால் மறுத்தார்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று ஆலோசகரைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் பிடிபடாத நிர்வாகம் 13 ஊழியர்களிடம் தலா அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியது.

அவர்கள் சொன்னதில் நோய் தொற்றிவிடுமே என்ற பயம் முதலிடத்தில் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் கவலைப்படக் கூடாது; தனிமைப்படுத்தலுக்கு ஒத்துழைக்காமல் பதறும் நோயாளியை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை; கவச உடை தீர்ந்துபோனால் என்ன செய்வது; கண் முன்னால் மோசமாகும் நோயாளிக்கு எதுவும் செய்ய முடியவில்லை. பலர் நேரடியாகவே சொல்லிவிட்டார்கள்: எங்களுக்கு மனநல ஆலோசகர் வேண்டாம், இடையில் யாரும் எழுப்பாத தூக்கமும் போதுமான கவச உடையும் வேண்டும். மருத்துவமனை திட்டத்தை மாற்றியது. குடும்பத்திலிருந்து தள்ளித் தங்க ஓர் இடம், வேளாவேளைக்குச் சாப்பாடு, வார்டில் தாங்கள் எப்படி இருக்கிறோம் என்று வீட்டுக்குக் காட்ட வீடியோ எடுக்க உதவி, முரண்டு பிடிக்கும் நோயாளிகளைக் கவனிக்கக் காவலர்கள். ஆலோசகர்கள் ஓய்விடத்துக்கே போய், பேச வந்தவர்களிடம் காதுகொடுத்தார்கள். ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் இது ஒரு சிறு குறிப்பாக வெளிவந்தது. அதன் பிறகு செவிலியர் மனநலம் பற்றி உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகள் மலைபோல் குவிந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை அந்தக் குறிப்பைத் தாண்டி வெகுதூரம் போகவில்லை என்பதே என் கருத்து.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 2020 ஜனவரி கடைசியில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஆறு பேர் செவிலியர்கள். மனச்சோர்வின் அறிகுறி 50.4 சதவீதம், பதற்றம் 44.6, தூக்கமின்மை 34, பொதுவான மன உளைச்சல் 71.5. பெண்கள், செவிலியர்கள், வூஹானில் இருந்தவர்கள், நோயாளியை நேரடியாகப் பராமரித்தவர்கள் ஆகியோரிடம் அறிகுறிகள் கடுமையாக இருந்தன. சில மாதங்களில் 13 ஆய்வுகளையும் 33,062 பேரையும் சேர்த்துச் செய்த தொகுப்பாய்வு ஒன்று பதற்றத்தை 23.2, மனச்சோர்வை 22.8 சதவீதம் என்றது. முன்னதில் பாதிப் பேர், பின்னதில் கால்வாசிக்கும் குறைவு. எதை நம்புவது?

இரண்டையும் ஓரளவுக்கு மட்டும். காரணம் எளிது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் கைபேசிக்கு வந்த வினாப்பட்டியலை நம்பியவை. ‘கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் தூக்கம் வராமல் தவித்தீர்கள்’ என்பது போன்ற கேள்விகளுக்குக் கிடைத்த மதிப்பெண், ஒரு வரம்பைத் தாண்டினால் ‘பாதிப்பு’. வினாப்பட்டியல் ஒரு சல்லடை. மருத்துவர் எதிரே உட்கார்ந்து கேட்டுச் செய்யும் நோயறிதல் வேறு. இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தேசிய சுகாதாரச் சேவை ஊழியர்களிடம் வினாப்பட்டியலின்படி 52.8 சதவீதத்தினருக்குப் பொதுவான மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. முறையான நேர்காணலில் அது 21.5 ஆனது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் 25.4-லிருந்து 7.9-க்கு இறங்கியது. 2023-இல் வெளிவந்த இந்த ஒப்பீட்டை, செவிலியர் மனநலம் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘அப்படியானால் எல்லாம் ஊதிப் பெருக்கியது’ என்று ஒரு நிர்வாகி இதைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. ஐந்தில் ஒருவருக்கு நோய் என்ற அளவுக்குக் கோளாறு இருப்பதே பெரிய செய்தி. மீதமுள்ளவர்களின் தூக்கமின்மையும் எரிச்சலும் அழுகையும் நோய் இல்லை என்றால் வேறு என்ன? அசாதாரணமான வேலைக்கு உடலும் மனமும் காட்டும் சாதாரணமான எதிர்வினை. அதற்கு மாத்திரை தேவையில்லை. வேலையை மாற்றியமைக்க வேண்டும். எண்ணைப் பெரிதாக்கி எல்லோரையும் நோயாளியாக்கினால், பொறுப்பு மருத்துவமனையின் தோளிலிருந்து செவிலியரின் தலைக்குள் போய்விடுகிறது. ஊதிப் பெருக்கிய எண் உண்மையில் யாருக்குச் சாதகம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் இந்தக் கோட்டைக் கவனமாகவே போட்டிருக்கிறது. நோய்களின் சர்வதேசப் பட்டியலின் 11-ஆவது பதிப்பில் பணிச்சோர்வு இருக்கிறது, ஆனால் நோயாக இல்லை. வேலையிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்று, வேலை தொடர்பான நிலையாகச் சேர்த்திருக்கிறார்கள். 1974-இல் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் சில மாதங்களில் வற்றிப்போவதைப் பார்த்து எழுதியதிலிருந்து தொடங்குகிறது இந்தப் பேச்சு. 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். அதற்கு மூன்று முகங்கள்: உணர்ச்சி வற்றுவது, நோயாளியிடமிருந்து மனம் விலகுவது, செய்யும் வேலையால் பயனில்லை என்று தோன்றுவது.

இரண்டாவது முகம்தான் வெளியில் இருப்பவருக்குப் புரியாமல் போகிறது. நேற்றுவரை ‘அந்த ஓரத்துக் கட்டில் பாட்டி’ என்று சொன்ன சிஸ்டர், இன்று ‘பெட் நம்பர் பதினேழு’ என்கிறார். உறவினர் கேள்வி கேட்டால் முகம் பார்க்காமல் பதில் வருகிறது. ‘நர்ஸம்மா எரிஞ்சு விழுறாங்க’ என்று நாம் புகார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். குணக்கோளாறு என்று நாம் எடுத்துக்கொள்வது, மீதமிருக்கும் கொஞ்சத்தைக் காப்பாற்றிக்கொள்ள மனம் போடும் வேலி. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் 18,935 செவிலியர்களை உள்ளடக்கிய தொகுப்பாய்வில் உணர்ச்சி வற்றியவர்கள் 34.1 சதவீதம், மனம் விலகியவர்கள் 12.6 சதவீதம் மட்டுமே. மூன்றில் ஒருவர் வற்றிப்போயிருந்தும் எட்டில் ஒருவர்தான் நோயாளியிடமிருந்து விலகியிருக்கிறார். பெருமைக்குரிய எண் இது. கூடவே கவலைக்குரியதும்: வேலி போட்டுக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டே இருந்தவர்கள் பின்னர் எப்படி இருப்பார்கள்?

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2003-இல் சார்ஸ் நோய் கனடாவின் டொரொன்டோவை உலுக்கியது. நோய் ஓய்ந்து ஓராண்டு முதல் இரண்டாண்டு கழித்து, சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த டொரொன்டோ மருத்துவமனைகளின் ஊழியர்களையும், பார்க்காத பக்கத்து நகரான ஹாமில்டனின் ஊழியர்களையும் ஒப்பிட்டார்கள். பணிச்சோர்வு டொரொன்டோவில் 30.4 சதவீதம், ஹாமில்டனில் 19.2. மன உளைச்சல் 44.9-க்கு எதிராக 30.2. நோயாளியோடு நேரம் செலவிடுவதைக் குறைத்துக்கொண்டவர்கள், வேலை நேரத்தைக் குறைத்தவர்கள், புகையும் மதுவும் கூட்டியவர்கள் டொரொன்டோ பக்கமே அதிகம். பயிற்சியும் நிறுவனத்தின் ஆதரவும் போதுமானதாக இருந்தது என்று உணர்ந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. இவ்வளவும் 2006-லேயே அச்சில் வந்துவிட்டது. கொரோனா வந்தபோது செவிலியர் சோர்வு யாருக்கும் எதிர்பாராத ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது.

இனி வார்டுக்குள்.

கவச உடை அணிய ஒரு வரிசை உண்டு, கழற்ற ஒரு வரிசை உண்டு. கழற்றுவதில்தான் ஆபத்து. வெளிப்புறத்தைத் தொட்ட விரல் முகத்தில் பட்டால் ஆறு மணி நேரப் பாதுகாப்பும் வீண். அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும், அதுவும் உடல் மிகவும் களைத்திருக்கும் கடைசி நிமிடங்களில். உள்ளே போய்விட்டால் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. அதனால் டூட்டிக்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். மாதவிடாய் நாட்களில் டயப்பர் கட்டிக்கொண்டு போனார்கள். ஏசி போட்டால் தொற்று பரவும் என்று பல வார்டுகளில் அணைத்திருந்தார்கள். மே மாதச் சென்னையில் காற்றுப் புகாத உடைக்குள் வியர்வை காலுறை வரை இறங்கியது. கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருப்பது மங்கலானது. இரண்டு அடுக்குக் கையுறையில், நீர்வற்றிய முதியவரின் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து ஊசி ஏற்ற வேண்டும். யார் யார் என்று தெரியாததால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். என்95 முகக்கவசம் மூக்குத்தண்டில் பதிந்து புண்ணானது. சீனாவில் 161 மருத்துவமனைகளின் 4,308 பேரிடம் கேட்டதில் 42.8 சதவீதத்தினருக்குக் கவச உடையால் தோல் காயம்.

உடல் அனுபவிப்பது இவ்வளவு என்றால், மனநலம் பற்றிய கேள்வியைத் தலைக்குள் மட்டும் தேடுவது எப்படிச் சரியாகும்? தாகம், வெப்பம், அடக்கிய சிறுநீர், துண்டுபட்ட தூக்கம் என ஒவ்வொன்றும் எரிச்சலாகவும் கவனச் சிதறலாகவும் வெளியே வரும். வினாப்பட்டியல் இவற்றை ‘பதற்றம்’ என்று பதிவுசெய்யும். டெல்லி எய்ம்ஸ் செவிலியர்கள் 2020 ஜூனில் போராடியபோது வைத்த முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, கவச உடையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது. சாங்ஷாவில் கேட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அதே நேரம் எல்லாவற்றையும் உடல் களைப்பில் அடக்கிவிடவும் முடியாது. ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற அமெரிக்க அறவியலாளர் 1984-இல் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது ஒரு தனி வகைத் துயரை அடையாளம் காட்டினார். சரியானது எதுவென்று தெரியும், ஆனால் அதைச் செய்ய நிறுவனமோ சூழ்நிலையோ விடாது. மருத்துவர் முடிவெடுக்கிறார், நிர்வாகம் உத்தரவு போடுகிறது, அதன் விளைவைக் கட்டிலருகே நின்று அனுபவிப்பவர் செவிலியர். கொரோனா இதை அன்றாட நிகழ்வாக்கியது. உறவினர்களுக்கு அனுமதி இல்லாததால், சாகக் கிடந்தவரின் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் மகள் அழுவதைக் கேட்டவர் செவிலியர். ஒருவருக்குப் போதுமான ஆக்ஸிஜன் அழுத்தத்தை இருவருக்குப் பகிர முயன்றவரும் அவரே.

2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 நோயாளிகள் அடுத்தடுத்து இறந்ததாகச் செய்தி வந்தது. ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்றார்கள் உறவினர்கள். தட்டுப்பாடு இல்லை என்றது நிர்வாகம். அடுத்த நாள்களில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. எந்தத் தரப்பின் விளக்கம் சரியாக இருந்தாலும், அந்த இரவில் வார்டில் நின்றவர் அதை ஓர் அறிக்கையாக நினைவு வைத்திருக்க முடியாது. இங்கிலாந்தில் முதல் அலை ஓய்ந்த 2020 ஜூன், ஜூலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 709 ஊழியர்களிடம் கேட்டபோது, 40 சதவீதத்தினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. 13 சதவீதத்தினர், இறந்துவிட்டால் நல்லது அல்லது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்று அண்மையில் தோன்றியதாகச் சொன்னார்கள். மருத்துவர்களைவிடச் செவிலியர்களின் நிலை மோசம். மேலே சொன்ன சல்லடைக் கணக்கைக் கழித்துப் பார்த்தாலும் இது சிறிய எண் அல்ல. அமெரிக்காவில் தொற்றுக்கு முன்பே, 2017-18-இல், பெண் செவிலியர்களின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 17.1, பொதுப் பெண் மக்கள்தொகையில் 8.6. ஆபத்து நெடுங்காலமாகவே இருந்திருக்கிறது.

வார்டை விட்டு வெளியே வந்தால் தெரு. 2020 மார்ச் 22 மாலை நாடே கை தட்டியது, ஏப்ரல் 5 இரவு விளக்கேற்றியது, மே 3 அன்று ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூத்தூவின. அதே வாரங்களில் செவிலியர்களை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லும் கட்டையும் எடுத்துத் தாக்கினார்கள். மருத்துவருக்கே இந்தக் கதி என்றால் தனக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொரு செவிலியரும் நினைத்திருப்பார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை, கடுமையான காயம் என்றால் ஏழாண்டு வரை சிறை என்று மத்திய அரசு ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தாக்குபவருக்குத் தண்டனை உண்டு; பால் பாக்கெட்டைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போகிறவருக்கு எந்தச் சட்டம்?

கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து 2020 மே மாதம் 300-க்கும் மேற்பட்ட செவிலியர்கள் வேலையை விட்டு ஊருக்குப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் தொற்றுப் பயம் இருந்தது, சம்பளக் குறைப்பு இருந்தது, முக அமைப்பைப் பார்த்துத் தெருவில் ‘கொரோனா’ என்று கூப்பிட்டதும் இருந்தது. சில மருத்துவமனைகள் ஒரே வாரத்தில் தள்ளாடின. மனநல ஆய்வுகளின் மொழியில் இதற்கு ‘பணியிலிருந்து விலகும் எண்ணம்’ என்று பெயர். எண்ணம் அல்ல, கையில் பெட்டியோடு பேருந்து ஏறியவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிய செவிலியர் பள்ளியை இந்தியாவின் முதல் பள்ளி என்பார்கள். அவ்வளவு பழைய மரபுள்ள மாநிலத்தில், அரசுச் செவிலியர் நியமனம் 2015-லிருந்து எப்படி நடந்தது என்று பார்த்தால் சோர்வின் வேர் தெரியும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக, எம்ஆர்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான், போட்டித் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டில் காலமுறை ஊதியத்துக்கு வந்துவிடலாம் என்பது நம்பிக்கை. வரவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னை தேனாம்பேட்டையில் டிஎம்எஸ் எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் வளாகத்தில் அமர்ந்தார்கள். கழிப்பறை பூட்டப்பட்டது, தண்ணீர் நிறுத்தப்பட்டது என்று அவர்கள் குற்றம்சாட்டினார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது, கலைந்து போனார்கள்.

மூன்றாண்டுகூட ஆகவில்லை, கொரோனா வந்தது. நிரந்தரமாக்கப்படாதவர்கள் அதே தொகுப்பூதியத்தில் கவச உடைக்குள் போனார்கள். ஆள் போதாமல் தேர்வு வாரியத்தின் பட்டியலிலிருந்து மேலும் ஆயிரக்கணக்கானோரை மாதம் 14,000 ரூபாய்க்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். அந்தப் பெண்கள் முதல் அலையைப் பார்த்தார்கள், இரண்டாம் அலையைப் பார்த்தார்கள், தடுப்பூசி முகாம்களில் நின்றார்கள். 2022 டிசம்பர் 31-ஓடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி முடிந்தது என்று உத்தரவு வந்தது. புத்தாண்டு அவர்களுக்கு ஆட்சியர் அலுவலக வாசல்களில் பிறந்தது. வேறு திட்டங்களில் ஒப்பந்தப் பணி தருகிறோம் என்றது அரசு. நாங்கள் கேட்டது பணி நிரந்தரம் என்றார்கள் அவர்கள்.

பணி நிரந்தரத்தை ஊழியர் சங்கக் கோரிக்கை என்று ஒதுக்கி வைத்துவிட்டு, மனநலத்தைத் தனித் தலைப்பில் பேசும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஒப்பந்தச் செவிலியரின் நிலையிலிருந்து பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்காது. ‘எனக்கு ராத்திரி தூக்கமில்லை, நேற்று இறந்தவர் முகமே வருகிறது’ என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவர் கணக்குப் போடுவார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் ‘இவருக்கு மனநலம் சரியில்லை’ என்ற பேச்சு வந்தால்? விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும். ஊரில் படிப்புக் கடன் இருக்கிறது. நர்சிங் படிப்புக்குக் கடன் வாங்காத குடும்பம் குறைவு. வாயை மூடிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆலோசனை எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய நிர்வாகம், யாரும் அழைக்கவில்லை, ஆகவே எல்லோரும் நலம் என்று முடிவுசெய்யும்.

தனியார் துறையில் நிலைமை இன்னும் மோசம். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் போராடி 2018-இல் குறைந்தபட்சம் 20,000 என்ற அரசாணையைப் பெற்றார்கள். மற்ற இடங்களில் பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

‘தாய் போல’, ‘வெள்ளுடை தேவதை’ என்ற புகழ்மொழிகள் இங்கே என்ன வேலை செய்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். தாய்க்கு யாரும் ஓவர்டைம் கொடுப்பதில்லை. தேவதைக்குக் கழிப்பறை தேவைப்படாது. உலகச் செவிலியர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் சமையலும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் மாமியாரின் மாத்திரையும் காத்திருக்கும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் 200-ஆவது பிறந்த ஆண்டு என்பதால் 2020-ஐச் செவிலியர் ஆண்டாக அறிவித்திருந்தார்கள். விளக்கேந்திய சீமாட்டியாக அவரைக் கொண்டாடுகிறோம். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய அவர் நெடுங்காலம் நோயோடு வீட்டுக்குள் கிடந்தார் என்பதையும், படுக்கையில் இருந்தபடி ராணுவ மருத்துவமனைகளின் கழிவுநீர் பற்றியும் காற்றோட்டம் பற்றியும் புள்ளிவிவரங்களோடு அரசை நச்சரித்தார் என்பதையும் அந்தக் கொண்டாட்டம் மறந்துவிடுகிறது. அவர் கேட்டதும் புகழ்ச்சி இல்லை, வசதி.

சரி, கொடுத்த உளவியல் உதவிகள் பயன்பட்டனவா? காக்ரேன் அமைப்பு 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பாய்வு, தொற்றுக் காலங்களில் முன்களப் பணியாளரின் மனநலத்துக்காகச் செய்யப்பட்டவற்றைத் தேடியது. 2002 முதலான காலத்தில் 16 ஆய்வுகள் கிடைத்தன. பலன் கிடைத்ததா என்று எண்களால் சோதித்தது அவற்றில் ஒன்றே ஒன்று, எபோலா காலத்து ஆப்பிரிக்காவில் உளவியல் முதலுதவிப் பயிற்சி பற்றியது. அதுவும் உறுதியான சான்றாக நிற்கவில்லை. உளவியல் உதவி வீண் என்று இதற்குப் பொருளில்லை. தற்கொலை எண்ணம் வந்தவருக்கு, மாதக்கணக்கில் கெட்ட கனவு விடாதவருக்கு, தேர்ந்த மருத்துவரும் சிகிச்சையும் கட்டாயம் வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். ஆனால் ‘மீள்திறன் பயிற்சி’ என்று ஒன்று வந்ததே, யோகா, மூச்சுப்பயிற்சி, நேர்மறைச் சிந்தனை, அதைப் பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்தவரை மேலும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து நடத்தியபோது, அது கூடுதல் வேலையாகத்தான் முடிந்தது.

அழுத்தமான சான்று இன்னொரு பக்கம் இருக்கிறது. லிண்டா ஐக்கனும் அவர் சகாக்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் எழுதியது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது; செவிலியர் பணிச்சோர்வு அடையும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை. கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016-இல் அதையே செய்தது. அங்கே கூடுதலாக எடுத்த செவிலியர்களுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல், மீண்டும் அனுமதியாவதும் நீண்ட நாள் தங்குவதும் குறைந்ததால் மிச்சமானது என்று 2021-இல் கணக்குக் காட்டினார்கள். 2023 ஜனவரியில் நியூயார்க்கில் 7,000 செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்து மூன்று நாளில் வென்றதும் முதன்மையாக ஆள் எண்ணிக்கைக்கான உறுதிமொழிதான். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், அதுவரையிலான தன் நூறாண்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய வேலைநிறுத்தத்தை 2022 டிசம்பரில் நடத்தியது. பெருந்தொற்றில் வாங்கிய கைதட்டல் அதற்குள் அலுத்துப்போயிருந்தது.

இந்தியாவில் பொதுவார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்று பணியாளர் நெறி உண்டு. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நைட் டூட்டி நேரத்தில் போய் எண்ணிப் பார்த்தால் போதும். முப்பது நாற்பது படுக்கைக்கு ஒரு சிஸ்டர் என்பது யாருக்கும் அதிர்ச்சி தராத காட்சி. ஆள் கிடைக்கவில்லை என்ற பதில் இங்கே எடுபடாது. பதிவுபெற்ற செவிலியர்கள் 30 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். வளைகுடாவும் பிரிட்டனும் அயர்லாந்தும் அவர்களைத் தேடி வருகின்றன. இங்கே கிடைக்காதது ஆள் அல்ல, பணியிடம். விகிதம் சரியானாலும் சாவைப் பார்த்த துயரம் போகாது என்பது உண்மைதான். ஆனால் ஆறு பேரைப் பார்க்கும் செவிலியருக்கு, இறந்தவரைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நிற்க முடியும். நாற்பது பேரைப் பார்ப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் இல்லை. அழுகை அடுத்த டூட்டிக்குத் தள்ளிப்போகிறது.

ஆய்வுகளின் பெரிய ஓட்டை ஒன்றையும் குறித்துவைக்க வேண்டும். மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவுக்கு இணைப்பை அனுப்பிப் பதில் வாங்கும் கணக்கெடுப்பில் யார் இருப்பார்கள்? அன்றைக்கு வேலையில் இருப்பவர்கள். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் சுமார் 1,15,500 மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது, அவர்கள் இல்லை. மணிப்பூருக்கு வண்டி ஏறியவர்கள் இல்லை. தாங்க முடியாமல் ராஜினாமா செய்து ஊரில் துணிக்கடையிலோ ஆய்வகத்திலோ வேலை பார்ப்பவர்கள் இல்லை. அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டு, தாங்கி நின்றவர்களை மட்டும் எண்ணிச் சராசரி சொல்லியிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் இதைச் சரிசெய்வது கடினமான காரியமில்லை. 2022 டிசம்பர் 31 அன்று விடுவிக்கப்பட்டவர்கள் எல்லோரும் தேர்வு வாரியம் வழியாக வந்தவர்கள். அவர்களின் பெயர், எந்த மருத்துவமனை, சேர்ந்த தேதி, விடுவித்த தேதி எல்லாம் அரசின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அடுத்த ஆய்வைத் தொடங்குபவர் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, முதல் கேள்வியாக அவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கட்டும். தூக்கம் வருகிறதா என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும்.